சுடுதிடலின் மத்தியான அமைதி

நான் நகரசபையின் நீச்சல் மண்டபத்தில் நுழைவுச்சீட்டு கொடுக்கிற வேலையில் இருந்தேன். ஒரு மாரிகாலம் முழுக்கக் கூரைக்குள் ஈரம் ஊறிப் பலகைகள் உக்கத் தொடங்கியதால், திருத்த வேலைக்கென்று மண்டபத்தை மூடினார்கள். எங்களை வேறு வேறு இடங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். ஒருத்தி நூலகத்துக்குப் போனாள், ஒருவர் பனிச்சறுக்கு மைதானத்துக்குப் போனார். என் பங்குக்கு வந்தது துப்பாக்கி சுடும் திடல்.

"நல்ல காற்று, காடு, அமைதியான இடம்" என்று மேலாளர் சொன்னார். பிறகு தன் பேச்சைத் தானே கேட்டவர்போலச் சிரித்துவிட்டு, "சரி, அமைதியை விடுவோம்" என்றார்.

அது இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. ஒஸ்லோவின் கிழக்கு விளிம்பில் வீடுகள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் அந்தத் திடல் இருந்தது. காடு அரசாங்கத்தின் சொத்து. திடலை நகரசபை நடத்தியது. துப்பாக்கி அனுமதி வைத்திருக்கிற எவரும் வந்து, காசு கட்டி, சுட்டுப் பழகலாம். கோடையில் ஆள் குறைவு. ஓகஸ்ட் பிறந்துவிட்டால் வேட்டைக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். எல்க் என்கிற பெரிய காட்டுமானைச் சுடப் போகிறவர் ஒவ்வொருவரும், வேட்டைக்காலம் தொடங்குமுன் தண்டவாளத்தில் ஓடவிடுகிற பலகை மான் உருவத்தைச் சுட்டுத் தேறிக் காட்ட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம்.

எனக்குக் கவுண்டர் வேலை. வருகிறவர்களைப் பதிவது, காதுமூடி மறந்துவந்தவர்களுக்கு ஒன்று கொடுப்பது, கோப்பியும் வாஃபல் என்கிற இனிப்பு அப்பமும் விற்பது.

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் இருக்கும் என் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை.

"வெடிச்சத்தம் வேண்டாமெண்டுதானே இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள். நீ அதுக்குள்ளையே போய் இருக்கப் போறியோ?"

"வேலை வேலைதானே அண்ணை. சுடுறவை என்னையோ சுடுகினம்?"

வாய் அப்படிச் சொன்னது. முதல்நாள் காலை, முதல் வெடி கிளம்பியபோது நான் கவுண்டருக்குக் கீழே குந்திக்கொண்டிருந்தேன். எப்போது குனிந்தேன் என்று தெரியாது. கையில் வாஃபல் மாவுக் கரண்டி இருந்தது. மாவு சட்டையெல்லாம் வழிந்திருந்தது.

திடல் பொறுப்பாளர் பெரிய உடம்பும் நரைத்த தாடியும் கொண்ட நோர்வேக்காரர். கதவடியில் நின்று பார்த்தவர், ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். அடுத்த நாளிலிருந்து, சுடத் தொடங்குமுன் என் யன்னலடிக்கு வந்து கையை உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் விசில் ஊதுவார். கொஞ்ச நாளில் எனக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் அவர் நிறுத்தவில்லை. நானும் பதிலுக்குக் கையை உயர்த்தப் பழகிவிட்டேன்.

அந்தக் காலத்தில் நான் ட்வெய்ட்டாவில் ஓர் அடுக்குமாடியில் தனியாக இருந்தேன். கலியாணம் முறிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு தடவை வயிற்றில் வந்து, தங்காமல் போனது. அதற்குப் பிறகு கணவரும் நானும் ஒரே வீட்டில் ஒருவரையொருவர் சுற்றிப்போய்க்கொண்டிருந்தோம். கடைசியில் அவர் வேறு நகரத்துக்கு வேலை மாறிப் போனார். சண்டை ஒன்றும் இல்லை. கோயிலில் என்னைக் கண்டால் பெண்கள் குரலைத் தாழ்த்துவார்கள் என்பதால், கோயிலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். வேலையில் நோர்வே மொழி, கடையில் நோர்வே மொழி. கிழமையில் ஒருநாள் அண்ணன் வீட்டில் தமிழ். அங்கேயும் பிள்ளைகள் பாதி நோர்வே மொழியில்தான் பதில் சொல்வார்கள்.

பனி கரைந்து நிலம் சேறாகக் கிடந்த ஒரு காலையில் திடலுக்கு ஒருவர் வந்தார். தனக்கு அளவில்லாத பெரிய மழைச்சட்டை, றப்பர் பூட்ஸ், முதுகில் பை, கையில் மண்ணைத் துளைத்து எடுக்கிற ஒரு நீண்ட கம்பி. கவுண்டருக்கு வந்து ஆங்கிலத்தில் தன்னைச் சொன்னார். ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்திருக்கிறார். இலக்குகளுக்குப் பின்னால், தோட்டாக்களை வாங்கிக்கொள்ளும் பெரிய மண்மேடு ஒன்று இருக்கிறது. அதில் புதைந்த தோட்டாக்களின் ஈயம் எவ்வளவு கரைந்து கீழே ஓடுகிற ஓடைக்குப் போகிறது என்று பார்க்க வேண்டுமாம். அரசாங்கம் கேட்டிருக்கிறது.

பதிவுப் புத்தகத்தைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். அவர் சட்டைப்பைகளைத் தடவினார். பையைத் திறந்தார், மூடினார்.

"அட, பேனாவ எங்க வச்சேன்" என்று தனக்குள் முணுமுணுத்தார்.

"உங்கடை காதிலை இருக்கு" என்றேன்.

காதுக்குப் பின்னால் செருகியிருந்த பேனாவை எடுக்கப்போன கை அப்படியே நின்றது. முகம் முழுவதும் ஒரு சிரிப்பு வந்தது. தாய்மொழி கேட்ட சிரிப்பு.

"நீங்க தமிழா! ஸ்ரீலங்காவா?"

"ஓம். யாழ்ப்பாணம்."

"நான் தஞ்சாவூருங்க. இந்தக் காட்டுல தமிழ் கேக்கும்னு நெனக்கவே இல்ல."

வாரத்தில் இரண்டு மூன்று நாள் வருவார். சுடாத நேரங்களில் மேட்டில் ஏறி மண் எடுப்பார். சுடுகிற நேரங்களில் ஓடைப் பக்கம் போய்ப் போத்தல்களில் தண்ணீர் பிடிப்பார். முதலில் என்னை மேடம் என்றார். அது பொறுக்காமல், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் "ஏங்க" என்று தொடங்குவார்.

எங்கள் தமிழ் இரண்டும் ஒன்றையொன்று இடறிக்கொண்டே இருந்தன. ஒருநாள் மழைக்கு முன் முடித்துவிட வேண்டுமென்று அவசரப்பட்டுப் போத்தல் ஒன்றை உடைத்துவிட்டார். "அவசரப்படாதேங்கோ, ஆறுதலாச் செய்யுங்கோ" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆறுதலாவா? யாருக்கு ஆறுதல்?"

"ஒருத்தருக்கும் இல்லை. மெதுவா எண்டு சொன்னனான்."

"எங்க ஊர்ல துக்க வீட்டுலதாங்க ஆறுதல் சொல்வோம்."

இன்னொரு நாள் வந்து முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, "உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்றார். எங்கள் பக்கத்தில் பேசுவதென்றால் ஏசுவது. நான் என்ன பிழை விட்டேனென்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்க வந்தது கவுண்டர்த் தொலைபேசியைப் பற்றி.

திடல் ஒரு பள்ளத்தில் இருந்தது. கைத்தொலைபேசி அங்கே எடுபடாது. அவருக்கு ஊரில் ஒரு மகள் இருந்தாள், ஆறு வயது. மனைவிக்கு அங்கே வங்கியில் வேலை. இரண்டு வருட ஆராய்ச்சிக்கு வந்த இவருடன் அவர்கள் வரவில்லை. அதுவரை பிள்ளைக்கு விடுமுறை என்பதால் காலையிலேயே அறையிலிருந்து கதைத்துக்கொண்டிருந்தார். ஜூனில் பள்ளி தொடங்கிவிட்டது. இவர் எழும்புகிற நேரம் அவள் வகுப்பில் இருப்பாள். இவர் வேலை முடித்து அறைக்குப் போகிற நேரம் அவள் தூங்கியிருப்பாள். நடுவில் மிஞ்சுவது எங்கள் மத்தியானம்தான். அங்கே பிள்ளை பள்ளியால் வந்து பால் குடிக்கிற நேரம்.

"காலிங் கார்டு என்கிட்ட இருக்குங்க. உங்க ஆபீசுக்கு லோக்கல் கால் மட்டும்தான்."

"எடுங்கோ. இதுக்கேன் இவ்வளவு யோசிக்கிறியள்?"

திடலில் மத்தியானம் ஓர் இடைவேளை உண்டு. இலக்குகளை மாற்றுவதற்காகச் சுடுவதை நிறுத்துவார்கள். அந்த நேரம் பார்த்து அவர் வந்து, அட்டையில் இருந்த நீண்ட இலக்கத்தை ஒவ்வொன்றாக அழுத்துவார். நான் வாஃபல் சுடுகிற இரும்பைத் துடைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பி நிற்பேன். ஆனால் சின்ன அறை. பிள்ளையின் குரல் எனக்கும் கேட்கும்.

ஒருநாள் இடைவேளை முடிந்துவிட்டது. இவர் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார். விசில் கேட்டது. முதல் வெடி, அதைத் தொடர்ந்து வரிசையாக இன்னும் சில.

தொலைபேசிக்குள்ளிருந்து அந்தக் குரல் துள்ளியது.

"அப்பா! அப்பா, அங்க தீபாவளியா?"

அவர் சிரித்துவிட்டார். "இல்லடா கண்ணு… ஆமா, தீபாவளி மாதிரிதான்."

"எனக்குக் காட்டாம நீங்க மட்டும் வெடிக்கறீங்களா?"

நான் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டேன். யாழ்ப்பாணத்தில் பள்ளி நாட்களில் நானும் என் அண்ணனும் சத்தத்தை வைத்தே அது எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தூரம், படுக்க வேண்டுமா ஓட வேண்டுமா என்று சொல்லிவிடுவோம். தமிழ் பேசுகிற ஒரு பிள்ளை, அதே சத்தத்தைக் கேட்டுவிட்டு, தனக்குப் பட்டாசு தரவில்லையென்று கோபிக்கிறாள். அதைக் கேட்டபோது எனக்குள் வந்ததைப் பொறாமை என்று சொல்ல முடியாது. அந்தப் பிள்ளையை ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. அவ்வளவுதான்.

அடுத்த நாள் பொறுப்பாளரிடம் போய், மத்தியான இடைவேளையைக் கொஞ்சம் கூட்டமுடியுமா என்று கேட்டேன். ஏன் என்று கேட்பார் என்று பதில் யோசித்து வைத்திருந்தேன். அவர் கவுண்டர்த் தொலைபேசியை ஒருமுறை பார்த்தார். வெளியே போய், அறிவிப்புப் பலகையில் இடைவேளை நேரத்தை அழித்துப் புதிதாக எழுதினார். சுட வந்தவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். "இது அரசாங்க இடம். அரசாங்கம் இந்த நேரத்தில் சாப்பிடுகிறது" என்று சொல்லிவிட்டுத் தன் ரொட்டியைப் பிரித்தார்.

பிறகு ஒருநாள் தஞ்சாவூர்க்காரர் இலக்கத்தை அழுத்தி, மணி போய்க்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. எடுத்த மண்ணெல்லாம் திறந்த பைகளில் மேட்டில் கிடந்தது.

"ஒரு நிமிஷம் இதப் புடிங்க. மண்ணு நனைஞ்சா அத்தனையும் வீணாப் போயிடும்" என்று தொலைபேசியை என் கையில் வைத்துவிட்டு ஓடினார்.

"அப்பா?"

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "அப்பா வெளியிலை போயிட்டார் அம்மா. இப்ப வந்திடுவார்."

"நீங்க யாரு?"

"நான் இஞ்சை வேலை செய்யிறனான்."



"இஞ்சியா?"

"இஞ்சி இல்லை, இஞ்சை. இங்கே எண்டு சொன்னனான்."

அவள் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. மூச்சு முட்ட, இடையில் விக்கல் எடுக்க, வீட்டுக்குள் யாரையோ கூப்பிட்டு, "அம்மாச்சி, போன்ல ஒரு ஆன்ட்டி இஞ்சி இஞ்சிங்கறாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அவர் நனைந்துபோய்த் திரும்பி வந்தபோது நானும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து நான் இஞ்சி ஆன்ட்டி. அப்பாவிடம் கதைத்து முடிந்ததும், "இஞ்சி ஆன்ட்டிகிட்ட குடுங்க" என்பாள். என்ன சாப்பிட்டாள், பக்கத்தில் இருக்கிறவள் எப்படிக் கிள்ளினாள், பள்ளிக்கூட வேன் மாமா எந்தப் பாட்டுப் போட்டார், எல்லாம் சொல்வாள். நான் சொல்கிற ஒவ்வொரு சொல்லையும் பிடித்துத் திருப்பிக் கேட்பாள். "வடிவா இருக்கோ எண்டா என்ன?" என்று என்னைப்போலவே இழுத்துச் சொல்லிப் பார்ப்பாள். வேலைக்கு வருகிற பஸ்ஸில் இன்றைக்கு அவளுக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு வரத் தொடங்கினேன். வழியில் அணிலைக் கண்டால் அதை மத்தியானம்வரை பத்திரப்படுத்தி வைப்பேன். அவர் வராத நாட்களிலும் அந்த இடைவேளை வரும். பொறுப்பாளர் ரொட்டியைப் பிரிப்பார். காடு அப்படியே நிற்கும். நான் வாஃபல் ஒன்றும் சுடாமல் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பேன்.

ஜூலையில் மனைவிக்கு லீவு கிடைத்தது. பிள்ளையின் பள்ளியில் சொல்லிவிட்டு இருவரும் மூன்று கிழமைக்கு வருவதாக அவர் சொன்னார். நான் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய், சின்னப் பிள்ளைகளுக்கான சிவப்புக் காதுமூடி ஒன்று வாங்கினேன். திடலில் இருந்தவையெல்லாம் பெரியவர்களுக்கானவை. வீட்டில் அதை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி பையில் போட்டேன்.

அவர்கள் வந்த நாள் நல்ல வெயில். மனைவி என்னைவிட இளையவர். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, உங்களப் பத்தித்தான் வீட்டுல ஒரே பேச்சு. இந்தாங்க, முறுக்கு. அம்மா குடுத்து விட்டாங்க."

அவருக்குப் பின்னால், சேலை மடிப்பைப் பிடித்துக்கொண்டு பிள்ளை நின்றாள். நான் நினைத்ததைவிடச் சின்னவள், மெலிந்தவள்.

"இதுதாண்டா இஞ்சி ஆன்ட்டி" என்று அப்பா சொன்னார்.

அவள் முகத்தைச் சேலைக்குள் புதைத்துக்கொண்டாள். நான் குனிந்து, "என்ன, கதைக்க மாட்டியோ?" என்றேன். இன்னும் உள்ளே போனாள். வாஃபலில் தேசிக்காய் அளவு ஜாம் வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, மேசையின் அந்தப் பக்கம் திரும்பியிருந்து சாப்பிட்டாள். தொலைபேசியில் மூச்சு விடாமல் கதைத்தவள் இவள்தானா என்றிருந்தது. அவள் மனதில் இஞ்சி ஆன்ட்டி எப்படி இருந்தாளோ, அது நான் இல்லை என்பது மட்டும் விளங்கியது.

இடைவேளை நேரம். பொறுப்பாளர் தாயையும் தகப்பனையும் மண்மேட்டைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். "நீ இரு, ஆன்ட்டி பாத்துக்குவாங்க" என்று தாய் சொன்னபோது பிள்ளை தலையாட்டினாள். அவளுக்கு வாஃபல் முடியவில்லை.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால், கைத்துப்பாக்கி சுடுகிறவர்களுக்கென்று மறைப்புச் சுவர் கட்டிய ஒரு சின்னக் கொட்டகை தனியாக இருந்தது. அங்கே யாரோ நேரம் பார்க்காமல் தொடங்கிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம், மிகக் கிட்டத்தில்.

தட்டு விழுந்த சத்தமும் அவள் வீரிட்ட சத்தமும் ஒன்றாகக் கேட்டன. நான் திரும்பிப் பார்த்தபோது நாற்காலியில் ஆள் இல்லை. கவுண்டருக்குக் கீழே, நான் முதல்நாள் குந்தியிருந்த அதே இடத்தில், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

நானும் கீழே இறங்கி அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். பையிலிருந்த சிவப்புக் காதுமூடியை எடுத்து, அவள் கைகளை மெதுவாக விலக்கி, மாட்டிவிட்டேன். அடுத்த வெடிக்கு அவள் தோள் மட்டும் குலுங்கியது. அதற்கடுத்ததற்கு அதுவும் இல்லை. ஜாம் பூசிய கையால் காதுமூடியைத் தடவிப் பார்த்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதான் இஞ்சி ஆன்ட்டியா?"

தன் குரல் தனக்குக் கேட்காததால் கத்தித்தான் கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

"என்னது?"

தலையாட்டிக் காட்டினேன்.

அவ்வளவுதான், அணை உடைந்ததுபோலத் தொடங்கிவிட்டாள். விமானத்தில் கொடுத்த சோறு, சன்னலில் கண்ட மேகம், இங்கே இரவிலும் வெளிச்சமாக இருந்ததால் அம்மா போர்வையைச் சன்னலில் கட்டியது எல்லாவற்றையும் காடு கேட்கக் கத்திச் சொன்னாள். நான் சொன்ன எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்கவும் தேவையிருக்கவில்லை. சொல்லிக்கொண்டே என் வலது கைமேல் தலையைச் சாய்த்தாள். ஒரு பிள்ளையின் தலை இவ்வளவு பாரமாக, இவ்வளவு சூடாக இருக்கும் என்று அன்றைக்கு முன்னால் எனக்குத் தெரியாது. அண்ணன் பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறேன். ஆனால் அவர்களைத் தூக்கும்போதெல்லாம் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள், பாவம் என்கிற கண்ணோடு. கவுண்டருக்குக் கீழே எங்களை யாரும் பார்க்கவில்லை.

தாய் ஓடி வந்தபோது அவள் எழுந்து தாயிடம் போய்விட்டாள். அது சரிதானே. நான் உடைந்த தட்டைக் கூட்டி அள்ளினேன்.

மூன்று கிழமை முடிந்து அவர்கள் போனார்கள். பிறகு ஓகஸ்ட் பிறந்தது. வேட்டைக்காரர்கள் கார்களில் வந்து இறங்கினார்கள். காலைமுதல் மாலைவரை பலகை மான் தண்டவாளத்தில் ஓடிக்கொண்டேயிருந்தது. ஆனாலும் மத்தியான இடைவேளையைப் பொறுப்பாளர் குறைக்கவில்லை. பிள்ளை பழையபடி தொலைபேசியில் கதைத்தாள். இப்போது அவள் குரலைக் கேட்கும்போது முகமும் தெரிந்தது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் தொலைபேசியை வைத்தால் சிரிப்பு மிஞ்சும். இப்போது என் வலது கை வெறுமையாக இருந்தது.

இலை கொட்டி முடிந்த நேரத்தில் ஆராய்ச்சி முடிவு வந்தது. ஓடையில் ஈயம் இருக்கக்கூடாத அளவுக்கு இருந்தது. திடலை மூடி, மண்மேட்டை முழுவதுமாக அள்ளிக்கொண்டு போய்ச் சுத்தம் செய்வதென்று அரசாங்கம் தீர்மானித்தது. அவர் எனக்குச் சொல்ல வந்தபோது, கோப்பி எடுத்துக்கொள்ளாமல் நின்றார்.

"என்னாலதான் மூடறாங்க" என்றார்.

"உங்களாலை இல்லை. ஈயத்தாலை."

"உங்க வேலை…"

"நீச்சல் மண்டபம் திருத்தி முடிச்சிட்டினம். என்னைத் திரும்பி வரச் சொல்லியாச்சு. அதை யோசிக்காதேங்கோ."

பொறுப்பாளர் அதைக் கேட்டுவிட்டு யன்னலால் மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். சின்ன வயதில் அந்த ஓடையில் மீன் பிடித்துச் சாப்பிட்டவர் அவர். "மீனுக்கு நல்லதுதான்" என்று மட்டும் சொன்னார். கடைசி வாரம்வரை, ஆள் வந்தாலும் வராவிட்டாலும், என் யன்னலடிக்கு வந்து கையை உயர்த்திவிட்டுத்தான் விசில் ஊதினார்.

தஞ்சாவூர்க்காரர் ஊருக்குப் போகுமுன் ஒருநாள் திடலுக்கு வந்தார். மிச்சம் கிடந்த போத்தல்களைப் பொதி செய்தார். மத்தியானம் தொலைபேசி எடுக்கவில்லை, பிள்ளைக்கு அன்றைக்கு நடன வகுப்பு. பஸ் தரிப்பிடம்வரை சேர்ந்து நடந்தோம். பாதையில் முதல் உறைபனி விழுந்து வழுக்கியது. பஸ் வந்ததும் ஏறப்போனவர் திரும்பி, "உங்களோட கதைச்சது…" என்று தொடங்கினார். என் சொல்லை எடுத்துச் சொன்னதில் அவருக்கே வெட்கம் வந்துவிட்டது. மீதியைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதற்குள் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. நல்ல மனிதர், வீட்டை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தவர். நான் எதை நினைத்து ஏங்கினேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கே அது ஒரே ஆளாகவோ ஒரே பொருளாகவோ இருக்கவில்லை. ஒரு வீடு, அதில் மத்தியானம் பால் குடிக்கிற ஒரு பிள்ளை, அவள் சொல்வதைக் கேட்க ஆவலாக இருக்கிற ஒருவர், அந்த ஒருவருக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம்.

நீச்சல் மண்டபத்தில் மத்தியானம்தான் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். கூரைவரை எதிரொலிக்கிற கூச்சல். நான் சீட்டுக் கொடுத்துக்கொண்டே மணிக்கூட்டைப் பார்ப்பேன். முதல் மாதங்களில் தொலைபேசி அட்டை வாங்கி நானே தஞ்சாவூருக்கு எடுத்தேன். பிள்ளை வந்து கதைப்பாள். ஆனால் இப்போது அப்பா அவள் வீட்டிலேயே இருந்தார். தொலைபேசிக்குப் பின்னால் குக்கர் சத்தம் கேட்கும், தொலைக்காட்சி கேட்கும், யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்கும். "சரி ஆன்ட்டி, ட்யூஷன் போகணும்" என்பாள். எடுப்பதற்கிடையில் இடைவெளி கூடிக்கூடி, பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்றாகி, அதுவும் நின்றது.

சில வருடங்கள் கழித்து, அண்ணன் மகள் பெரியபிள்ளையானதைக் கொண்டாடும் சாமத்திய வீட்டுக்குச் சேலை எடுக்கவென்று குடும்பமாகச் சென்னைக்குப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். அவர்கள் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது, நான் ஒருநாள் தனியாகத் தஞ்சாவூருக்கு ரயில் ஏறினேன். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லியிருந்தேன். அவர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். தலை நரைத்திருந்தது, உடம்பு போட்டிருந்தது. கல்லூரியில் படிப்பிக்கிறாராம். மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்து, அன்றைக்குப்போலவே கையைப் பிடித்துக்கொண்டார். வாழையிலை போட்டுச் சாப்பாடு தந்தார்கள். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று இரண்டு பேரும் போட்டி போட்டுப் பரிமாறினார்கள்.

பின்னேரம் அவள் பள்ளியிலிருந்து வந்தாள். சீருடை, ரிப்பன் வைத்த இரட்டைப் பின்னல். நல்ல உயரம்.

"வாங்க ஆன்ட்டி" என்றாள், எந்த வீட்டு விருந்தாளிக்கும் சொல்கிறமாதிரி.

"நார்வே ஆன்ட்டிடி. தெரியலையா?" என்றார் தாய்.

அவள் பையைக் கழற்றி வைத்துவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தாள். அவள் தேடுவது தெரிந்தது. கிடைக்காததும் தெரிந்தது. எனக்காக ஏதாவது கிடைக்க வேண்டுமென்று அவள் முயல்வதும் தெரிந்தது.

"ஞாபகம் இருக்கே" என்றாள். "அங்க ஒரே ஸ்னோவா இருந்துச்சு. மரத்துமேல எல்லாம் ஸ்னோ. நான் ஸ்னோல விளையாடினேன்."

அவர்கள் வந்தது ஜூலை வெயிலில் என்று சொல்லத் தகப்பன் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"ஓம். நிறையப் பனி."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. வந்து எனக்குப் பக்கத்தில், சோபாவின் கை வைக்கிற இடத்தில் ஏறி இருந்துகொண்டாள்.

"எவ்வளவு ஆழம் இருந்தது, சொல்லு பாப்பம்?" என்று கேட்டேன்.

அவள் இறங்கி நின்று முழங்காலில் கையை வைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு கையை இடுப்புவரை உயர்த்தினாள். நான் ரயிலுக்குக் கிளம்பும்வரை அந்தப் பனியைப் பற்றித்தான் கதைத்தோம்.